ஓடும் ரயிலில் பிறந்த முடிவு

1969 ஜனவரியில் நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே மெட்ரோலைனர் என்ற புதிய ரயில் ஓடத் தொடங்கியது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய அந்த ரயிலில் பயணிகளுக்காகக் கட்டணத் தொலைபேசி வைத்திருந்தார்கள். ஓடுகிற வண்டியிலிருந்தே வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ பேசலாம். அதற்காக பெல் தொலைபேசி நிறுவனம் ஏறக்குறைய 360 கிலோமீட்டர் பாதையை ஒன்பது மண்டலங்களாகப் பிரித்திருந்தது. கையில் இருந்தவை ஆறே வானொலி அலைவரிசைகள். அவற்றையே திரும்பத் திரும்ப வெவ்வேறு மண்டலங்களில் பயன்படுத்தினார்கள். ரயில் ஒரு மண்டலத்தின் எல்லையைத் தாண்டும்போது தண்டவாளத்தை ஒட்டியிருந்த உணர்கருவி அதை அறிந்து, பிலடெல்ஃபியாவில் இருந்த கணினிக்குத் தகவல் கொடுக்கும். கணினி, நடந்துகொண்டிருக்கும் பேச்சைப் பழைய மண்டலத்திலிருந்து விடுவித்துப் புதிய மண்டலத்தில் சேர்க்கும்.

ஒரு பேருந்துப் பயணத்தில் பேசிக்கொண்டே போகிறவருக்காக இன்று பத்து, இருபது முறை எடுக்கப்படும் ஒரு முடிவு இப்படித்தான் முதன்முதலாக வணிகச் சேவைக்குள் வந்தது. அழைப்பை ஒரு டவரிடமிருந்து எப்போது எடுப்பது, எந்த டவரிடம் கொடுப்பது என்ற முடிவு அது. பொறியாளர்கள் ஹேண்ட்ஓவர் என்பார்கள். நாம் கைமாற்றம் என்று வைத்துக்கொள்வோம். பிறந்த நாளிலிருந்து அது ஓரிடத்தில் நிற்கவில்லை. தண்டவாளத்திலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போனது, அங்கிருந்து டவருக்கு வந்தது, இப்போது நம் உள்ளங்கையில் இருக்கும் போனுக்கு வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்தால், பேச்சு ஏன் பாதியில் அறுகிறது என்பதும் விளங்கும்.

மெட்ரோலைனருக்கு முன்பே கார்களில் தொலைபேசி உண்டு. 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அந்தச் சேவை தொடங்கியது. கருவியின் எடை 36 கிலோ. நகரம் முழுமைக்கும் உயரத்தில் ஒரே ஒரு சக்திவாய்ந்த ஒலிபரப்பி. ஒருவர் ஓர் அலைவரிசையில் பேசத் தொடங்கிவிட்டால் அந்த நகரத்தில் வேறு எவரும் அதைத் தொட முடியாது. ஆகவே ஒரே நேரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரால்தான் பேச முடிந்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இந்த நெருக்கடிக்கு 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங், சக பொறியாளர் ரே யங்கின் துணையோடு ஒரு வழி எழுதினார். அது நிறுவனத்துக்குள் சுற்றுக்கு விடப்பட்ட குறிப்பு. பெரிய ஒலிபரப்பிக்குப் பதிலாக, நகரத்தைச் சிறு சிறு அறுகோணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் குறைந்த சக்தியுள்ள நிலையம் ஒன்றை வைக்கலாம். தள்ளித் தள்ளி இருக்கும் அறுகோணங்களில் அதே அலைவரிசையை மறுபடியும் பயன்படுத்தலாம். செல்போன் என்ற பெயரில் உள்ள செல் அந்த அறுகோணம்தான். அறுகோணத்தைச் சிறிதாக்க ஆக்க, அதே காற்றில் அதிகம் பேர் பேச முடியும்.

ஆனால் எல்லைகளும் அதே அளவுக்குப் பெருகும். இதைத்தான் நான் இந்தக் கதையின் மூலம் என்று கருதுகிறேன். கைமாற்றம் யாரோ விரும்பிச் சேர்த்த வசதி அல்ல. எல்லோரும் பேச வேண்டும் என்று நாம் தீர்மானித்ததற்குக் கொடுக்கும் விலை. ஒரே பெரிய டவர் இருந்திருந்தால் அழைப்பு எந்த எல்லையிலும் தடுக்கி விழுந்திருக்காது, ஆனால் நம்மில் பெரும்பாலோர் கையில் போனே இருந்திருக்காது.

ரிங்கின் குறிப்பு ஏறக்குறைய கால் நூற்றாண்டு காத்திருந்தது. ஓடுகிற காரைக் கண்காணித்து, நொடிப்பொழுதில் பேச்சை நிலையம் மாற்றிக் கொடுக்கக்கூடிய எக்ஸ்சேஞ்ச் அன்று உலகில் எங்கும் இல்லை. தொலைபேசி இணைப்பகங்களிலேயே வாழ்நாளைச் செலவிட்ட பெல் ஆய்வகப் பொறியாளர் ஏமஸ் ஜோயல், அதை எப்படிச் செய்வது என்று வடிவமைத்து 1970-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1972 மே மாதம் அது வழங்கப்பட்டது, எண் 3,663,762. நியூயார்க் நடைபாதையில் நின்று மார்ட்டின் கூப்பர் 1973-இல் செய்த முதல் கைபேசி அழைப்பு எல்லோருக்கும் தெரியும். நின்ற இடத்தில் பேசுவதற்குக் கூப்பரின் போன் போதும். நடந்து, ஓடி, ஊர் தாண்டிப் பேசுவதற்கு ஜோயலின் எக்ஸ்சேஞ்ச் வேண்டும். பள்ளிப் பாடங்களில் இரண்டு பெயரும் சேர்ந்தே வர வேண்டும் என்பது என் கருத்து.

1983 அக்டோபர் 13 அன்று சிகாகோவில் அமெரிக்காவின் முதல் வணிகச் செல்போன் சேவை தொடங்கியபோது, முடிவு முழுவதும் எக்ஸ்சேஞ்சின் கையில் இருந்தது. கார் எங்கே இருக்கிறது என்று சொல்ல அங்கே தண்டவாளம் கிடையாது. அதனால் டவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டன. பேசிக்கொண்டிருக்கும் காரின் சிக்னல் தேய்கிறது என்று ஒரு டவர் எக்ஸ்சேஞ்சிடம் சொல்லும். எக்ஸ்சேஞ்ச் சுற்றியுள்ள டவர்களிடம், இந்த அலைவரிசையில் உங்களுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று விசாரிக்கும். நன்றாகக் கேட்கிறவரிடம் அழைப்பைக் கொடுக்கும். மாற்றச் சொல்லும் கட்டளை பேச்சு போகும் வழியிலேயே போக வேண்டியிருந்ததால், ஒரு கணம் குரலை நிறுத்திவிட்டுக் கட்டளையை அனுப்புவார்கள். இதில் போனுக்கு எந்தப் பங்கும் இல்லை. சொன்ன அலைவரிசைக்குத் தாவுவது மட்டுமே அதன் வேலை.

செல்கள் பல கிலோமீட்டர் அகலமாக இருந்த வரை இது தாங்கியது. ஆட்கள் பெருகி செல்கள் சிறுத்தபோது எக்ஸ்சேஞ்சுக்கு மூச்சு முட்டியது. ஒவ்வொரு அழைப்புக்கும் ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்க அதற்கு நேரமில்லை. அதைவிட ஆழமான ஒரு குறையும் இருந்தது. போன் நிற்கும் இடத்தில் எந்த டவர் நன்றாகக் கேட்கிறது என்பது போனுக்குத்தான் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை.

1991 ஜூலை 1 அன்று ஃபின்லாந்தில் ஜிஎஸ்எம் என்ற 2ஜி முறையில் முதல் அழைப்பு பேசப்பட்டது. அந்தத் தலைமுறைதான் போனைக் கேட்கத் தொடங்கியது. ஜிஎஸ்எம்-மில் ஓர் அலைவரிசையின் நேரத்தை எட்டுத் துண்டுகளாக்கி எட்டுப் பேருக்குப் பகிர்வார்கள். தன் துண்டில் பேசி, இன்னொரு துண்டில் கேட்டுவிட்டால், மற்ற நேரம் போனுக்கு ஓய்வுதான். அந்த மில்லிசெகண்ட் ஓய்வுகளில் அது அண்டை டவர்களின் பக்கம் காதைத் திருப்புகிறது. 480 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு இரண்டு முறை, ஓர் அறிக்கை அனுப்புகிறது: நான் இருக்கும் டவரின் சிக்னல் இவ்வளவு, குரலில் இவ்வளவு பிழை, எனக்குக் கேட்கும் அண்டை டவர்களில் வலுவான ஆறு இவை. சிக்னலுக்கு 0 முதல் 63 வரை மதிப்பெண். அடிமட்டமான 0 என்பது, ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. அவ்வளவு மெலிந்த ஒலியையும் தரம் பிரிக்கும் காதை நூறு கிராம் கருவிக்குள் வைத்தார்களே, அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பு அடங்குவதில்லை.

பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரம் முழுவதும் நம் போன் சளைக்காமல் அறிக்கை எழுதிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் முடிவு அதனுடையதல்ல. சில பல டவர்களை மேற்பார்க்கும் கட்டுப்பாட்டகம் ஒன்று அறிக்கைகளைப் படித்து முடிவெடுத்தது. சாட்சி சொல்ல போன், தீர்ப்பு சொல்ல நெட்வொர்க்.

இனி அந்தத் தீர்ப்பு ஏன் கடினம் என்பதைப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு எளிது: எந்த டவர் வலுவாகக் கேட்கிறதோ அதற்கு மாறு. ஆனால் சிக்னல் நிலையாக நிற்கும் பொருள் அல்ல. டவரிலிருந்து வரும் அலை நேராகவும் வருகிறது, எதிர்ச் சுவரில் மோதியும் வருகிறது, லாரியின் பக்கவாட்டில் தெறித்தும் வருகிறது. இவை ஒன்றோடொன்று சேர்ந்தால் சிக்னல் ஏறும், ஒன்றையொன்று அழித்தால் பாதாளத்துக்கு இறங்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதில் பாதி தூரம், ஒரு சாண் கூட இல்லை, நகர்ந்தாலே மேடும் பள்ளமும் இடம் மாறிவிடும். அந்தக் கணத்து அளவை நம்பி முடிவெடுத்தால் தவறான டவரிடம் போய் நிற்போம்.

சரி, பல அளவுகளை எடுத்துச் சராசரி பார்க்கலாம் என்றால், அதற்கு நேரம் ஆகும். பெருநகரத் தெருமுனையில் ஒருவர் திரும்புகிறார். சில மீட்டர் தூரத்துக்குள் பழைய டவரின் சிக்னல் 20 டெசிபெல் விழுகிறது, அதாவது நூறில் ஒரு பங்காகிறது. சராசரி அந்த வீழ்ச்சியை உணர்வதற்குள் பேச்சு போய்விடும்.

எல்லைக்கோட்டில் இன்னொரு தொல்லை. இரண்டு டவரும் ஏறக்குறைய சமமாகக் கேட்கும் இடத்தில் போனுக்கு இக்கரைக்கு அக்கரை பச்சை. அங்கே போனதும் இங்கே நன்றாகத் தெரியும். திரும்பி வந்ததும் அங்கே நன்றாகத் தெரியும். பொறியாளர்கள் இதை பிங்பாங் என்கிறார்கள். ஒவ்வொரு தாவலுக்கும் டவர்களுக்கிடையே செய்திகள் பறக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் குரல் ஒரு கீற்று அறுபடும். இதைத் தடுக்க இரண்டு கட்டுப்பாடுகள் வைத்தார்கள். புதிய டவர் சற்றே மேலாக இருந்தால் போதாது, குறிப்பிட்ட அளவு, உதாரணமாக 3 டெசிபெல், மேலாக இருக்க வேண்டும். அந்த மேன்மையும் குறிப்பிட்ட நேரம் விடாமல் நிலைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? 4ஜி விதிப்புத்தகம் இதற்கு 16 மதிப்புகளைத் தருகிறது. ஒரு முனையில் 0, மறு முனையில் 5120 மில்லிசெகண்ட். இடையிலுள்ள 320 மில்லிசெகண்டை எடுத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் நடந்து போகிறவர் அரை மீட்டர்கூட நகர மாட்டார். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் கார் 8 மீட்டர் போயிருக்கும். 300 கிலோமீட்டர் வேக ரயில் 27 மீட்டர் போயிருக்கும். நடப்பவருக்கு நிதானம் தரும் எண் ரயிலில் இருப்பவருக்குத் தாமதம். ரயிலுக்குப் பொருந்தும் எண்ணை வைத்தால், எல்லைக்கோட்டில் தேநீர்க் கடை முன் நின்று பேசுபவரின் போன் இரண்டு டவருக்கு நடுவே அலைந்துகொண்டிருக்கும். எல்லோருக்கும் சரியான ஒற்றை எண் கிடையாது. சூழலுக்கேற்ப மாறும் கைமாற்றம் என்ற தேவை பிறந்தது இந்த இடத்தில்தான்.

4ஜி விதிகளில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. அண்மையில் எத்தனை செல்களைத் தாண்டினோம் என்று போன் எண்ணிக்கொள்கிறது. எண்ணிக்கை கூடினால், தான் வேகமாகப் போகிறோம் என்று புரிந்துகொண்டு, காத்திருக்கும் நேரத்தை முக்காலாகவோ பாதியாகவோ காலாகவோ குறைத்துக்கொள்ளலாம். வேகமானி எதுவும் தேவையில்லை. தான் கடந்து வந்த எல்லைகளே அதற்கு வேகத்தைச் சொல்கின்றன.

இதற்கிடையில் சிடிஎம்ஏ என்றொரு கிளை வேறு பாதையில் போனது. க்வால்காம் நிறுவனம் 1989-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் செய்துகாட்டிய இந்த முறை 1995-இல் ஹாங்காங்கில் வணிகச் சேவையானது. இந்தியாவில் 2000-களின் தொடக்கத்தில் ரிலையன்ஸும் டாடாவும் கொண்டுவந்தன. இதில் எல்லா டவர்களும் ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. எல்லைக்கு வந்த போன் பழைய டவரை விடாமலே புதிய டவரையும் பிடித்துக்கொள்ளும். இரண்டிடமிருந்தும் வரும் குரலைச் சேர்த்து ஒன்றாக்கும். புதியது உறுதியான பிறகுதான் பழையதை விடும். மென் கைமாற்றம் என்று இதற்குப் பெயர். கேட்பவரின் காதுக்கு இது நல்லது. ஆனால் ஒரே ஆள் இரண்டு டவரின் வளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். 3ஜி இதைத் தொடர்ந்தது, 4ஜி கைவிட்டது.

4ஜி கைவிட்டதற்குக் காரணம், அது டவர்களை மேற்பார்க்கும் கட்டுப்பாட்டகத்தையே எடுத்துவிட்டதுதான். 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தொடங்கிய இந்தத் தலைமுறையில் முடிவு டவருக்கே இறங்கி வந்தது. ஒரு டவர் பக்கத்து டவரிடம் நேரடியாகப் பேசுகிறது: என்னிடமிருந்து ஒருவர் வருகிறார், இடம் இருக்கிறதா? இருக்கிறது என்று பதில் வந்ததும் போனுக்குக் கட்டளை போகிறது. இன்னும் கொடுத்து முடிக்காத தரவைப் பழைய டவர் புதியதற்குத் திருப்பி அனுப்பிவிடும். இடைவெளி சில பத்து மில்லிசெகண்டுதான். குரலை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கித்தான் அனுப்புகிறார்கள் என்பதால், இழப்பு இரண்டு மூன்று துண்டு. காது அதை மன்னித்துவிடும்.

தோற்றுப்போகும் கைமாற்றங்களை நெட்வொர்க் மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கிறது: தாமதமானவை, அவசரப்பட்டவை, தவறான டவருக்குப் போனவை. அழைப்பு அறுந்த பிறகு போன் எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்பதை டவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்கின்றன. பழைய டவருக்கு மறுபடி அந்த அண்டையிடம் ஆட்களை அனுப்பும்போது இன்னும் சற்று முன்னதாக அனுப்ப வேண்டும் என்று தெரிகிறது. இப்படி ஒவ்வொரு அண்டைச் சோடிக்கும் தனித்தனியே, போகும் திசைக்கு ஒன்று வரும் திசைக்கு ஒன்றாக, எண்கள் திருத்தப்படுகின்றன. நெரிசலும் இதே எண்களை அசைக்கும். கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்து டவர் நிரம்பிவிட்டால், சிக்னல் சற்றுக் குறைந்தாலும் ஆளில்லாத டவருக்கு உங்களைத் தள்ளிவிடுவார்கள். உங்களுக்கு நல்லதற்காகவே.

இவ்வளவு கவனத்துக்குப் பின்னும் அடிப்படையில் ஒரு கோளாறு 2020 வரை நீடித்தது. எல்லையில் பழைய டவரின் சிக்னல் சாகும் தறுவாயில் இருக்கிறது. போனின் அறிக்கை அந்தச் சிக்னல் வழியாகத்தான் போக வேண்டும். மாறு என்ற கட்டளை திரும்பி வருவதும் அதே வழியில்தான். மாறியே ஆக வேண்டிய நேரத்தில், மாறச் சொல்லும் செய்திதான் வந்து சேர்வதில்லை. போன் சரியாகக் கேட்டது, டவர் சரியாகத் தீர்மானித்தது, ஆனாலும் பேச்சு அறுந்தது.

2020-இல் முடிவான 5ஜி விதித்தொகுப்பு இதற்கு மருந்து கொண்டுவந்தது. நிபந்தனைக் கைமாற்றம் என்று அதைச் சொல்லலாம். சிக்னல் நன்றாக இருக்கும்போதே டவர் அண்டை டவர்களிடம் பேசி இடம் பிடித்து வைத்துவிடும். பிறகு போனிடம் ஒரு பட்டியலைக் கொடுத்துவிடும்: இந்த டவர் இவ்வளவு மேலாகத் தெரிந்தால் என்னைக் கேட்காமலே போய்விடு. அந்த நிலைமை வந்ததும் போன் தானே தாவுகிறது. ஐம்பது ஆண்டுப் பயணத்தில் நான் மிகவும் மதிக்கும் திருப்பம் இதுதான். புதிய அலைவரிசையோ புதிய ஆன்டெனாவோ இதற்கு அவசியமில்லை; அனுமதியை முன்கூட்டிக் கொடுக்க வேண்டும் என்ற புரிதல் போதுமாக இருந்தது. எங்கே மாறலாம் என்பதை நெட்வொர்க் தீர்மானிக்கிறது, எப்போது என்பதைப் போன் தீர்மானிக்கிறது. யாருக்கு எது தெரியுமோ அது அவரிடம் விடப்பட்டிருக்கிறது.

இதுவரை சொன்னது ஒரே குடும்பத்துக்குள் நடந்த கதை. நம் போனுக்குள் இன்னொரு குடும்பமும் வாழ்கிறது: வைஃபை. 1997-இல் அதற்கு முதல் தரநிலை வந்த நாளிலிருந்தே, எந்த ரவுட்டரோடு இணைவது, எப்போது விடுவது என்பது முழுக்கப் போனின் அல்லது மடிக்கணினியின் முடிவு. ரவுட்டருக்கு அதில் அதிகாரம் இல்லை. அண்டை ரவுட்டர்களைப் பற்றிப் போனுக்குச் சொல்லவும், சீக்கிரம் மாறவும், மாறலாமே என்று பரிந்துரைக்கவும் 2008-லிருந்து சில சேர்க்கைகள் வந்தன. ஆனாலும் கடைசிச் சொல் போனுடையதே.

ஆகவே வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே தெருவுக்கு இறங்கும்போது நடப்பதைப் பாருங்கள். வீட்டு ரவுட்டரை வாசல் வரைக்கும் போன் விடாமல் பிடித்திருக்கிறது. கேட்டைத் தாண்டியதும் குரல் கம்முகிறது, துண்டு துண்டாக வருகிறது, ஹலோ ஹலோ என்கிறோம். மேலே வானத்தில் நல்ல 4ஜி சிக்னல் நிறைந்திருக்கிறது. முன்கூட்டி இடம் பிடித்து வைக்க இங்கே ஆள் இல்லை. ரவுட்டர் உங்களுடையது, டவர் நிறுவனத்தினுடையது, இருவரும் பேசிக்கொள்ள வழி கிடையாது. இரண்டின் சிக்னல் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடவும் முடியாது. அளக்கும் முறையே வேறு. வைஃபை கோடுகள் முழுதாகத் தெரிந்தாலும் அதன் பின்னால் இருக்கும் பிராட்பேண்ட் செத்துக் கிடக்கலாம். வைஃபையில் தரவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, மொபைலில் தினசரி அளவு தீர்ந்துவிடும். வேகம், நெரிசல், செலவு, பேட்டரி, இப்போது நடப்பது வீடியோ அழைப்பா கோப்பு இறக்கமா என்ற வேறுபாடு, எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துத் தனியாக முடிவெடுக்க வேண்டிய நிலை போனுக்கு.

இதற்கு மேல் முகவரிச் சிக்கல் வேறு. வைஃபையிலிருந்து மொபைலுக்கு மாறியதும் போனின் இணைய முகவரி மாறிவிடும். மறுமுனையில் இருப்பவருக்கு யாரோ புது ஆள் பேசுவதுபோல் ஆகிவிடும். இதைத் தீர்க்க 1996-இலேயே மொபைல் ஐபி என்ற விதியை வகுத்தார்கள்: நிலையான வீட்டு முகவரி ஒன்று, அங்கே வருவதையெல்லாம் நீங்கள் போன இடத்துக்குத் திருப்பி விடும் முகவர் ஒருவர். 2009 ஜனவரியில் ஐஈஈஈ அமைப்பு, எல்லா வகை நெட்வொர்க்குகளும் கைமாற்றத் தகவலைப் பொது மொழியில் பரிமாறிக்கொள்ள 802.21 என்ற தரநிலையை வெளியிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் நம் கையிலுள்ள போன்களில் அது வேரூன்றவில்லை, ஏனென்றால் நெட்வொர்க் நடத்தும் அத்தனை பேரும் ஒத்துழைத்தால்தான் அதற்கு உயிர்.

பலித்தவை யாருடைய தயவும் வேண்டாத வழிகள். ஆப்பிள் 2013-இல் தன் குரல் உதவியாளரான சிரிக்காகப் பயன்படுத்திய பல்வழி டிசிபி என்ற இணைய விதிமுறை, வைஃபை வழியையும் மொபைல் வழியையும் ஒரே உரையாடலின் இரண்டு கிளைகளாக வைத்துக்கொள்கிறது; ஒன்று வாடினால் மற்றது தாங்கும். 2021 மே மாதம் தரநிலையான க்விக் என்ற விதிமுறை, ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் அடையாள எண் கொடுக்கிறது. முகவரி மாறினாலும் அந்த எண்ணைக் காட்டினால் மறுமுனை அடையாளம் கண்டுகொள்ளும். கைமாற்றத்தை நெட்வொர்க்கிடம் கெஞ்சிப் பெறாமல் இருமுனைகளே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

எந்த நெட்வொர்க்கை எப்போது தேர்வது என்பதைக் கற்றுக்கொள்ளும் நிரல்களைப் பற்றி ஆய்விதழ்களில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். மங்கல் தர்க்கம், மார்க்கோவ் முடிவு முறை, தவறிலிருந்து கற்கும் இயந்திரக் கற்றல் என்று பல வழிகள். கணினியில் நடத்திய ஒத்திகைகளில் அவை நன்றாகவே செய்கின்றன. எனக்கு ஒரு தயக்கம் மட்டும் உண்டு. தவறிலிருந்து கற்கும் நிரல் தெருவில் கற்கும்போது, அதன் ஒவ்வொரு தவறும் யாரோ ஒருவரின் அறுந்த பேச்சு. அது ஆம்புலன்ஸுக்குப் போட்ட போனாகவும் இருக்கலாம். ஆகவே நிரல் எந்த எல்லைக்குள் சோதித்துப் பார்க்கலாம் என்ற வேலி முதலில் வேண்டும். நிபந்தனைக் கைமாற்றம் அந்த வேலிக்கு நல்ல முன்மாதிரி.

அறுந்த பேச்சுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பேசும்போது அழைப்பு அறுந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் தர வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று அழைப்பு வரை என்று 2015 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதி போட்டது. 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வர வேண்டிய அந்த விதியை, தன்னிச்சையானது, நியாயமற்றது என்று கூறி 2016 மே 11 அன்று நீதிமன்றம் ரத்து செய்தது. நூற்றுக்கு இரண்டு அழைப்பு வரை அறுவதை ட்ராயின் தர விதியே அனுமதிக்கிறது. அந்த வரம்புக்குள் இருக்கும் நிறுவனமும் பணம் கட்ட வேண்டும் என்றது முரணாகிவிட்டது. வாடிக்கையாளர் பக்கத்துக் காரணங்களாலும் அழைப்பு அறுவதுண்டு என்பதும் வாதத்தில் வந்தது. விதி தோற்றது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வோர் அறுந்த அழைப்பும் எந்த எல்லையில், யாருடைய தாமதத்தால் அறுந்தது என்ற கணக்கு நிறுவனங்களின் கணினிகளில் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கைமாற்றத்தின் வெற்றி தோல்வியை அவர்கள் டவர் வாரியாக அன்றாடம் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் பேசும் அழைப்புகளோ அந்த இரண்டு சதவீதக் கணக்கில் வருவதே இல்லை.

ரயில் பாதைகளிலும் நெடுஞ்சாலைகளிலும் கைமாற்றம் எங்கெங்கே தோற்கிறது என்ற விவரத்தை நிறுவனங்கள் பொதுவில் வைக்க வேண்டும், ட்ராய் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பயணத்தில் ஒரே இடத்தில் பேச்சு திரும்பத் திரும்ப அறுந்தால், டவர் கிடைக்கவில்லை என்று மட்டும் புகார் செய்யாதீர்கள். எந்த ஊர் தாண்டி, எந்தத் திசையில் போகும்போது, என்ன வேகத்தில், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். திருத்த வேண்டியது பெரும்பாலும் இரண்டு டவர்களுக்கு இடையிலுள்ள ஓர் எண்தான். போகும் திசைக்கும் வரும் திசைக்கும் அந்த எண் வேறு வேறு.